மீதி விலையைக் கொடுப்பவர் யார்?

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் பொருளியல் மாணவி)

ஒரு நாளில் நாம் எத்தனையோ முறை பொருள் வாங்குகிறோம். காலையில் தேநீர், பேருந்துக்குச் சீட்டு, மதியம் ஒரு பொட்டலம் சுண்டல், மாலையில் வீட்டுக்குக் காய்கறி, தீபாவளி வந்தால் துணிமணி. "காசைக் கொடுத்தோம், பொருளைப் பெற்றோம், கணக்குத் தீர்ந்தது" என்றே எல்லோரும் எண்ணுகிறோம். பொருள் மலிவாகக் கிடைத்துவிட்டாலோ அன்று முழுவதும் மனத்தில் ஒரு மகிழ்ச்சி. "நூற்றைம்பது ரூபாய்தான், சொன்னால் நம்பமாட்டாய்!" என்று தோழியரிடம் காட்டிப் பெருமைப்படாதவர் நம் வகுப்பில் எவரேனும் உண்டா?

மலிவாக வாங்குவது குற்றமன்று. ஏழை எளியவர் வீட்டுப் பிள்ளைகளான நமக்கு அதைத் தவிர வேறு வழியும் பல வேளைகளில் இல்லை. ஆனால் ஒரு பொருளை ஆக்குவதற்கு நியாயமாக ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு அது நம் கைக்கு வருகிறது என்றால், மீதியை நமக்காக வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்பதே பொருள். அவர் ஒரு நெசவாளியாக இருக்கலாம். ஓர் உழவராக இருக்கலாம். வாய் பேசாத ஓர் ஆறாகவும் இருக்கலாம். இது அறிஞர்கள் எழுத வேண்டிய செய்தி. ஆயினும் நான் பிறந்த வீடு இந்த மூவருக்கும் நடுவில் அமைந்துவிட்டபடியால், இதைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதும் உரிமை எனக்கும் உண்டு என்று நம்புகிறேன்.

நியாய வணிகம் என்பது என்ன?

உழைத்தவனுக்கு வயிறாரக் கூலி, உழைக்கும் இடத்தில் பாதுகாப்பு, மண்ணுக்கும் நீருக்கும் கேடில்லாத உற்பத்தி. இம்மூன்றையும் உறுதி செய்து நடத்தும் வாணிகத்தை இன்று 'நியாய வணிகம்' என்கிறார்கள். 1988-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் 'மாக்ஸ் ஹவலார்' என்ற முத்திரையோடு மெக்சிகோ நாட்டுச் சிறு விவசாயிகளின் காப்பிக்கொட்டை விற்பனைக்கு வந்தது. இந்தக் காப்பியை விளைவித்தவருக்கு உரிய விலை சென்றது என்பதே அந்த முத்திரையின் பொருள். பிறகு தேயிலை, கோகோ, பருத்தி என்று பல பொருள்களுக்கும் இவ்வழக்கம் பரவியது.

அந்த நியாயம் இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் உலகம் கண்டது. வங்காள தேசத்தில் டாக்கா நகரை அடுத்துள்ள ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து விழுந்து, 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் அங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வேலை செய்தவர்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. ஆனாலும் மறுநாள் அவர்கள் வேலைக்கு வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் தைத்துக்கொண்டிருந்தவை மேலை நாட்டுக் கடைகளில் மலிவு விலைக்கு விற்க வேண்டிய சட்டைகள்!

திருவள்ளுவர் வாணிகத்தின் அறத்தை எந்த அதிகாரத்தில் வைத்திருக்கிறார் தெரியுமா? பொருட்பாலில் அன்று, அறத்துப்பாலில், 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். நீதிபதியின் துலாக்கோலும் கடைக்காரரின் தராசும் ஒன்றே என்பது அவர் கருத்துப் போலும். ஆகவே நியாய வணிகம் என்ற பெயர்தான் நமக்குப் புதிது.

தறியின் கணக்கு

எங்கள் ஊர் சென்னிமலை. மலைமேல் உள்ள முருகன் கோயிலாலும், மலையடிவாரத்தில் நெய்யப்படும் போர்வை, படுக்கை விரிப்புகளாலும் பெயர் பெற்ற ஊர். என் தந்தையார் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து நெய்து வருபவர். வீட்டின் முன்கட்டு முழுவதும் தறிதான். சங்கத்தில் பாவும் நூலும் வாங்கி வந்து, பாவைப் பிணைத்து, ஊடைக்குத் தார் சுற்றி, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மிதித்தால்தான் அன்றைக்குரிய போர்வை தறியிலிருந்து இறங்கும். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். விடுமுறை நாள்களில் நானும் சுற்றுவேன். பத்தாம் வகுப்புப் பாடங்களில் பாதியை ராட்டையின் முன் அமர்ந்துதான் படித்தேன்.

கூலி போர்வைக் கணக்கில் கிடைக்கும். தார் சுற்றிய அம்மாவுக்கென்று தனிக் கூலி கிடையாது. அது அப்பாவின் கூலிக்குள்ளேயே அடக்கம். அடைமழைக் காலத்தில் நூல் ஈரம் கோத்து அறுந்துகொண்டே இருக்கும். அந்த நாள்களில் கூலியும் அறுந்ததுதான். இருந்தாலும் சங்கம் என்று ஒன்று இருப்பதனால் எங்கள் கூலி எவ்வளவு என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். தமிழ்நாட்டு நெசவாளர் சங்கங்களின் துணிகளை விற்பதற்கென்று கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் 1935-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. மாக்ஸ் ஹவலார் காப்பி வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, நெய்தவனே பங்குதாரனாக இருக்கும் ஒரு வாணிகத்தை நம் முன்னோர் அமைத்துவிட்டார்கள் என்பதை எண்ணிப் பெருமைப்படலாம்.

ஒருமுறை அப்பாவோடு ஈரோட்டுக்குச் சென்றிருந்தபோது ஒரு கடை வாசலில் 'அசல் கைத்தறிப் போர்வை' என்று எழுதிக் குவித்து வைத்திருந்தார்கள். விலையோ எங்கள் சங்க விலையில் பாதிகூட இல்லை. அப்பா ஒரு போர்வையை எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். கடைக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்த பிறகு, "இது விசைத்தறிச் சரக்கு கண்ணு. இந்த வெலைக்கு எனக்கு நூலுகூட வராது" என்றார்.

சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைகளாக இருந்த ஒதுக்கீடு பின்னர் 11 வகைகளாகச் சுருங்கியது. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, படுக்கை விரிப்பு, ஜமக்காளம் முதலியவற்றில் குறிப்பிட்ட சில ரகங்கள் அதில் அடங்கும். சட்டம் இருக்கிறது. ஆனால் கடையில் நின்று "இது எந்தத் தறியில் நெய்தது?" என்று கேட்பவர் இல்லாவிட்டால், சட்டம் மட்டும் தனியாக நின்று என்ன செய்யும்? அப்பாவுக்கு வயது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அவருக்குப் பிறகு அந்தத் தறியில் உட்கார எங்கள் வீட்டில் ஆளில்லை. போலிக் கைத்தறியின் மலிவு விலையில் குறைந்த மீதியை அவரைப் போன்றவர்கள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆற்றின் கணக்கு

அம்மா பிறந்த ஊர் நொய்யலாற்றங்கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ளது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியில் கலக்கும் ஆறு நொய்யல். ஆண்டில் சில மாதங்களே நீரோடும் அந்த ஆற்றின் வெள்ளத்தைத் தேக்கி, ஈரோடு, கரூர் பகுதிகளின் வறண்ட நிலங்களுக்குப் பாய்ச்சும் நோக்கத்துடன் 1992-ஆம் ஆண்டில் ஒரத்துப்பாளையம் அணை திறக்கப்பட்டது. ஆனால் அணையில் தேங்கியது வெள்ளம் மட்டுமன்று. மேலே திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வந்த கழிவுநீரும் சேர்ந்து தேங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் கிணறுகள் உப்பாயின. பயிர் கருகியது. "வாய்க்காலில் தண்ணீர் விடுங்கள்" என்று போராடுவதுதான் உழவர்களின் வழக்கம். "தண்ணீரை விடாதீர்கள்" என்று உழவர்களே அரசிடம் முறையிட்ட விந்தை இங்கே நடந்தது. "தண்ணி வரும்னு காத்திருந்தோம். வந்தப்போ வேண்டாம்னு சொல்ல வேண்டியதாப் போச்சு" என்று என் அப்பிச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சாயத்தில் அப்படி என்ன நஞ்சு இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். பருத்தித் துணி சாயத்தை எளிதில் பிடித்துக்கொள்வதில்லை. சாயம் துணியில் ஏறுவதற்காகத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அடர்ந்த நிறம் வேண்டுமானால் உப்பும் அதிகமாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ அப்படியே கழிவுநீரில் வெளியேறும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நீக்குவது ஓரளவு எளிது. கரைந்து நிற்கும் உப்பைப் பிரிக்க வேண்டுமானால், மெல்லிய சவ்வுகளின் வழியே நீரை அழுத்திச் செலுத்தி, எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்க வேண்டும். இதற்கு மின்சாரமும் எரிபொருளும் பணமும் ஏராளமாகச் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்த்தால் பனியன் மலிவாகும். அப்பிச்சியின் கிணறு உப்பாகும்.

ஆயக்கட்டு உழவர்கள் நீதிமன்றத்தின் படியேறினார்கள். பல ஆண்டு வழக்கு. ஒரு துளிக் கழிவும் வெளியேறாதபடி சுத்திகரிக்க வேண்டும் என்ற உத்தரவு 2006-ஆம் ஆண்டில் பிறந்தது. அது முற்றும் நிறைவேறாத நிலையில், 2011-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர் நீரையும் உப்பையும் மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தும் சுத்திகரிப்பு நிலையங்களோடு அவை படிப்படியாகத் திறக்கப்பட்டன.

குற்றவாளி யார்?

இவ்வளவு சொன்ன பிறகு, "அப்படியானால் திருப்பூர்த் துணியையே வாங்கக் கூடாது!" என்று ஒருவர் முழங்கலாம். எனக்கு அப்படி முழங்க நாவெழவில்லை. பட்டறைகள் மூடப்பட்ட 2011-இல் என் சித்தப்பா ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மாதக்கணக்கில் வேலையில்லை. என் அண்ணன் இன்று ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். என் கல்லூரிக் கட்டணம் அவன் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. ஒரு பக்கம் அப்பிச்சியின் கிணறு. மறு பக்கம் அண்ணனின் சம்பளம். எங்கள் வீட்டில் பண்டிகைக்கு எல்லோரும் கூடினால் ஆறும் ஆலையும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும்!

ஆகவே ஒரு தொழிலைப் பகைப்பது தீர்வாகாது. பொருளியல் பாடத்தில் 'புறவிளைவு' என்று ஒன்று படிக்கிறோம். வாங்குபவரும் விற்பவரும் செய்துகொள்ளும் பேரத்தில், பேரத்துக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதர் தலையில் விழும் நட்டம் அது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழில் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம், மாசு செய்தவரே அதற்குரிய விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. மூன்றாம் மனிதர் தலையில் விழுந்த நட்டத்தை மீண்டும் பொருளின் விலைக்குள் கொண்டுவருவதே அதன் நோக்கம்.

இங்கேதான் நம் பங்கு தொடங்குகிறது. கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிக்கும் பட்டறையில் சாயக்கூலி கூடும். கூலி கூடினால் சட்டையின் விலையும் சில ரூபாய்கள் கூடும். அந்தச் சில ரூபாய்களைக் கொடுக்க நாம் மறுத்தால், இரவு நேரத்தில் குழாயைத் திறந்துவிடும் பட்டறைக்கே வேலை போகும். நீதிமன்றம் பகலில் பூட்டிய கதவை நம் பேரம் இரவில் திறந்துவிடுகிறது. சட்டத்தை இயற்றுவது அரசின் கடமை. காப்பது நீதிமன்றத்தின் கடமை. அதற்கு ஆகும் செலவை ஏற்பது வாங்குவோர் கடமை.

நம்மால் ஆவது என்ன?

"நாமோ மாணவர்கள். பேருந்துக் கட்டணத்துக்கே கணக்குப் பார்ப்பவர்கள். நம்மால் என்ன ஆகும்?" என்ற கேள்வி எழுவது இயல்பு. பணம் இல்லாமலேயே செய்யக்கூடியவை பல உண்டு. நான் பார்த்தவற்றையும் பழகியவற்றையும் மட்டும் சொல்லுகிறேன்.

முதலாவது, கேட்பது. கேள்விக்குக் காசு வேண்டியதில்லை. அண்ணன் ஒரு செய்தி சொன்னான். ஏற்றுமதிச் சரக்கு ஓடும்போது வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து வேலை நேரம், கூலிப் பதிவேடு, தீயணைக்கும் ஏற்பாடு, கழிவறை, எந்தப் பட்டறையில் சாயம் போட்டது என்பதுவரை கேட்பார்களாம். உள்ளூர்ச் சரக்குக்கு அப்படிக் கேட்க ஒருவரும் வருவதில்லையாம். வெளிநாட்டார் கேட்பதால் ஓரளவேனும் ஒழுங்கு நடக்கிறது என்றால், நாம் கேட்டால் நடக்காதா? "கைத்தறி என்கிறீர்களே, கைத்தறி முத்திரை எங்கே?" என்று கடையில் கேளுங்கள். 2006-ஆம் ஆண்டு முதல் அந்த முத்திரை வழக்கில் உள்ளது. பத்துப் பேர் கேட்ட கேள்வியைக் கடைக்காரர் பதினோராம் நாள் தாமே மொத்த வியாபாரியிடம் கேட்பார்.

இரண்டாவது, குறைவாக வாங்கி நெடுநாள் உடுத்துவது. நூற்றைம்பது ரூபாய்ச் சட்டை நான்கை ஓராண்டில் கிழிப்பதைக் காட்டிலும், நல்ல சட்டை இரண்டை மூன்றாண்டு உடுத்துவது நம் பைக்கும் நல்லது, ஆற்றுக்கும் நல்லது. பித்தான் அறுந்தால் தைத்துக்கொள்வதில் இழிவு என்ன இருக்கிறது? கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறங்களுக்கு உப்பு அதிகம் தேவை என்று கண்டோம். இரண்டும் ஒன்று போலப் பிடித்திருந்தால் வெளிர் நிறத்தை எடுத்துக்கொள்வதும் ஒரு தொண்டுதான்.

மூன்றாவது, பளபளப்பில் மயங்காதிருப்பது. இது துணிக்கு மட்டுமன்று. எங்கள் பக்கத்துக் கரும்பாலைகளில் வெல்லம் வெளுப்பாக இருந்தால்தான் விலை போகும் என்பதற்காக 'ஹைட்ரோஸ்' என்னும் இரசாயனத்தைக் கலப்பவர்கள் உண்டு. கலக்காத வெல்லம் சற்றுக் கறுத்திருக்கும். சந்தையில் அதற்கு மதிப்பில்லை. வெளுத்த வெல்லத்தை விரும்பியது யார்? நாம்தானே! கறுத்த வெல்லத்தைக் கேட்டு வாங்கும் வீடுகள் பெருகினால் எந்த ஆலைக்காரர் காசு கொடுத்து ஹைட்ரோஸ் வாங்கப் போகிறார்?

நான்காவது, பேரம் பேசும் இடமறிந்து பேசுவது. பெரிய துணிக்கடையில் விலைச்சீட்டைப் பார்த்து மறுபேச்சின்றிப் பணம் கட்டுகிறோம். வெயிலில் அமர்ந்து கீரை விற்கும் பாட்டியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடுகிறோம். இது என்ன நியாயம்? 1999-ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கிப் பின் தமிழகமெங்கும் பரவிய உழவர் சந்தையில், விளைவித்தவரே நேரில் விற்கிறார். அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. இடைத்தரகருக்குப் போகும் பணம் உழவருக்குப் போகிறது. நமக்கும் காய்கறி வாடாமல் கிடைக்கிறது. இதைவிட எளிய நியாய வணிகம் வேறுண்டா? போகும்போது மஞ்சள்பையையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைகளை 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழக அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் தொடங்கிற்று. பை நம் கையில் இல்லாவிட்டால் அந்த ஆணை காகிதத்தில்தான் இருக்கும்.

ஐந்தாவது, நம் கல்லூரிக்குள்ளேயே செய்ய வேண்டியது. மன்றத் தொடக்க விழா, விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று எத்தனை விழாக்கள் நடத்துகிறோம்! ஒவ்வொரு விழாவிலும் சிறப்பு விருந்தினருக்குச் செயற்கை இழையில் நெய்த பொன்னாடை ஒன்றைப் போர்த்துகிறோம். அது பளபளக்கும், ஆனால் போர்த்தவும் உதவாது, துவட்டவும் உதவாது. விழா முடிந்ததும் பீரோவில் உறங்கும். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கைத்தறித் துண்டு வாங்கலாம். விருந்தினர் வீட்டில் பல ஆண்டுகள் அது உழைக்கும். ஒரு நெசவாளி வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்கும். பிளாஸ்டிக் பதாகைக்குப் பதில் துணியில் எழுதிக் கட்டலாம். தேநீரைக் கண்ணாடிக் குவளையில் தரலாம். விடுதிக்குப் போர்வை எடுக்கும்போது சங்கத்தில் எடுக்கலாம். மாணவர் மன்றத்தார் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் பேராசிரியப் பெருமக்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவையெல்லாம் சிறு செயல்கள்தாம். நான் ஒருத்தி வெளிர்நிறச் சுடிதார் உடுத்துவதால் நொய்யல் நாளையே பளிங்காக ஓடிவிடப் போவதில்லை. ஆற்றில் நுரை பொங்கியது என்ற செய்தி இன்றும் முற்றிலும் நின்றபாடில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நொய்யல் கெட்டது ஒரே நாளில் ஒரே மனிதரால் அன்று. லட்சக்கணக்கானோர், பெயரும் ஊரும் அறியாமல், தத்தம் ஊர்க் கடையில் நின்று "இன்னும் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்" என்று கேட்டுக் கேட்டுக் கெட்ட ஆறு அது. சிறுகச் சிறுகக் கெட்டதைச் சிறுகச் சிறுகத் திருத்தவும் முடியும். வழக்குத் தொடுத்த உழவர்கள் யாரும் பெருஞ்செல்வர் அல்லர். கிணற்று நீரைக் குடித்துப் பார்த்து, "இது உப்பு" என்று சொல்லத் துணிந்த எளியவர்களே அவர்கள்.

நாளை நம்முள் பலர் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் வணிகர்களாகவும் ஆவோம். இன்றைக்கு நூறு ரூபாய் செலவழிக்கும் கை அன்றைக்குப் பல்லாயிரம் செலவழிக்கும். சிலர் கை அரசுப் பணத்தையும் செலவழிக்கும். கேட்டு வாங்கும் பழக்கம் இந்த வயதில் வந்துவிட்டால் அது அந்தக் கைக்கும் வரும். ஆகவே, நண்பர்களே! அடுத்த முறை கடையில் ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகளை மனத்துக்குள் கேட்டுப் பாருங்கள். இதைச் செய்தவர் யார்? அவருக்கு என்ன கிடைத்தது? செய்யும்போது எஞ்சிய கழிவு எங்கே போயிற்று? மூன்றுக்கும் விடை தெரிந்து, அதன் பிறகும் அந்த விலை உங்களுக்கு நியாயமாகப்பட்டால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். அந்தப் பொருளுக்குத்தான் முழு விலையையும் நாமே கொடுத்தவர்கள் ஆவோம்.